சக்கர நாற்காலியோடு மத்தியதரைக் கடல் கப்பல் பயணம்: துறைமுகத்திலிருந்து திட்டமிடுங்கள்

மத்தியதரைக் கடலில் சொகுசுக் கப்பல் பயணம் போக ஆசைப்படும் குடும்பங்கள் முதலில் பார்ப்பது கப்பலின் படத்தை, அடுத்தது கட்டணத்தை. வீட்டில் ஒருவர் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் என்றால் இந்த வரிசை உதவாது. இன்றைய பெரிய கப்பல்களுக்குள் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. லிப்ட் இருக்கும், நடைபாதை அகலமாக இருக்கும், சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலியோடு உட்கார இடம் இருக்கும். சோதனை தொடங்குவது கப்பல் ஓர் ஊரில் நின்ற பிறகுதான். மால்ட்டாவின் வாலெட்டாவில் கரையோரமாகக் கொஞ்ச தூரம் போய் ஒரு லிப்டில் ஏறினால் நகரத்தின் உச்சியில் இருப்பீர்கள். கிரேக்கத்தின் சாண்டோரினியில் கரையில் கால் வைப்பதே நிச்சயமில்லை. இரண்டும் ஒரே விளம்பரத்தில் ஒரே அளவு படமாக வருகின்றன. அதனால் கப்பலை விட்டுவிட்டு, அது நிற்கும் ஊர்களின் பட்டியலை முதலில் கையில் எடுங்கள்.

என் தங்கை கையால் தள்ளும் நாற்காலியில் பயணிப்பவள். மேடு வந்தால் தள்ளுவது நான். இதை எழுதுவது அந்த அனுபவத்திலிருந்துதான்.

ஊர்ப் பட்டியலை எப்படிப் படிப்பது

ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு கேள்விகள். கப்பல் துறையில் கட்டுமா, கடலில் நங்கூரம் போடுமா? கட்டும் என்றால், அந்த இடத்துக்கும் நீங்கள் பார்க்க விரும்பும் ஊருக்கும் எவ்வளவு தூரம்?

நங்கூரம் போட்டால் சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். இதை டெண்டர் என்பார்கள். பயண அட்டவணையில் இந்தச் சொல்லோ நங்கூரக் குறியோ இருக்கும் ஊர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சாண்டோரினி, பிரான்சின் வில்ஃப்ரான்ஷ், கான், இத்தாலியின் போர்ட்டோஃபினோ ஆகியவை டெண்டர் ஊர்கள். கிரேக்கத்தின் மிக்கோனோஸ், மாண்டினீக்ரோவின் கோட்டோர், குரோஷியாவின் ஸ்ப்ளிட் போன்றவற்றில் சில கப்பல்கள் துறையில் கட்டும், சில நங்கூரம் போடும். அன்று எத்தனை கப்பல்கள் வருகின்றன, உங்கள் கப்பல் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது அது. பல துறைமுகங்கள் எந்தக் கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்ற அட்டவணையை இணையத்தில் வெளியிடுகின்றன. முன்பதிவுக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தூரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. விளம்பரத்தில் "ரோம்" என்று இருக்கும், கப்பல் நிற்பதோ ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் தள்ளி சிவிட்டாவெக்கியாவில். "ஃபுளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ. "வெனிஸ்" விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்க்கோ வழியாகவும் ஜூடெக்கா கால்வாய் வழியாகவும் போக இத்தாலி தடை விதித்துவிட்டது. பெரிய கப்பல்கள் பலவும் இப்போது மார்கெரா, ராவென்னா, ட்ரியெஸ்தே போன்ற இடங்களுக்குப் போகின்றன. ராவென்னாவிலிருந்து வெனிஸ் போக சாலையில் இரண்டு மணி நேரம் ஆகும். சாய்தளம் வைத்த வண்டிக்கு அந்தத் தூரத்துக்கு வாடகை கொடுப்பதென்றால் பயணத்தின் கணக்கே மாறிவிடும்.

முதல் பயணம் என்றால் என் யோசனை இதுதான்: பார்சலோனாவில் தொடங்கும் மேற்கு மத்தியதரைப் பயணமாகப் பாருங்கள், டெண்டர் ஊர் ஒன்றுகூட இல்லாததாகப் பாருங்கள். கிரேக்கத் தீவுகள் ஓடிப்போகாது. ஒருமுறை போய்வந்து பழக்கமான பிறகு துணிந்து போகலாம்.

மாதமும் முக்கியம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமை. ஈஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று வீசுவதும் அப்போதுதான், அதனால் தீவுகளில் கப்பல் நிற்காமலே போவதுண்டு. மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம்.

கேபினும் முன்பதிவும்

நாற்காலி உள்ளே போகும் அளவுக்குக் கதவும், தடுப்பில்லாத குளியல் இடமும், கைப்பிடிகளும் உள்ள கேபின்கள் ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம்தான். அவை முதலில் தீர்ந்துபோகும். ஒரு வருடம் முன்பே பதிவு செய்வது மிகையே இல்லை. "வசதியான கேபின்" என்ற வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், குளியலறை வாசலில் மேடு உண்டா, கட்டிலின் எந்தப் பக்கம் நாற்காலி நிற்கும், பால்கனி வாசலில் சாய்தளம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் நாற்காலியின் மொத்த அகலம், எடை, மடங்குமா, பேட்டரி வகை ஆகியவற்றை நீங்களும் எழுதிக் கொடுங்கள். பேட்டரி நாற்காலியைக் கேபினுக்குள்தான் வைக்க வேண்டும், வெளி நடைபாதையில் நிறுத்த விடமாட்டார்கள்.

பயணம் தொடங்கும் துறைமுகம் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் இருந்தால் உங்கள் பக்கம் ஒரு சட்டம் இருக்கிறது. 1177/2010 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறை 2012 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. துறைமுகத்திலும் கப்பல் ஏறும்போதும் இறங்கும்போதும் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணமில்லாமல் உதவ வேண்டும் என்கிறது அது. உதவி தேவை என்பதை 48 மணி நேரத்துக்குக் குறையாமல் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தனிக் கேபின், தனிக் கருவி போன்ற தேவைகளை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். கப்பல் நிறுவனத்தின் அல்லது துறைமுக முனையத்தின் தவறால் நாற்காலி உடைந்தால் பழுது பார்க்கும் செலவையோ புது நாற்காலியின் விலையையோ அவர்கள் தர வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் நாற்காலியை நான்கு பக்கமும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாக்குவாதம் வந்தால் அந்தப் படங்கள் கைகொடுக்கும்.

கரைச் சுற்றுலாக்களையும் இப்போதே பேசி முடியுங்கள். நாற்காலியைத் தூக்கி ஏற்றும் கருவி உள்ள பேருந்து எல்லா ஊரிலும் தயாராக நிற்பதில்லை. கப்பல் நிறுவனம் பல வாரங்களுக்கு முன்பே உள்ளூரில் சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். கப்பலில் ஏறிய பிறகு கேட்டால் கைவிரிப்பார்கள்.

கையில் இருக்க வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும், ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா அது. பட்டியலில் துருக்கியின் குஷாதாசி போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள ஊர் இருந்தால் பல முறை நுழையும் விசாவாகக் கேளுங்கள், துருக்கி விசாவையும் தனியாகப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை மறக்காமல் எடுங்கள். நம் ஊர் யூடிஐடி அட்டையில் குறைபாட்டின் சதவீதம் இருக்கும். ஐரோப்பாவின் பல அருங்காட்சியகங்கள் கேட்பது அந்தச் சதவீதத்தைத்தான். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் 67 சதவீதத்துக்கு மேல் சான்று இருந்தால் நுழைவு இலவசம். அட்டையோடு, மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கக் கடிதமும் இருந்தால் நல்லது.

விமானத்தில் பேட்டரி நாற்காலி கொண்டுபோவதானால் பேட்டரி என்ன வகை, எத்தனை வாட்-அவர் (அது சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) என்பதை விமான நிறுவனத்திடம் முன்பே தெரிவித்து ஒப்புதல் வாங்குங்கள். அந்த எண் பேட்டரியின் மேலேயே அச்சாகியிருந்தால் விமான நிலையத்தில் பேச்சு சுருங்கும். நாற்காலியைச் சரக்குப் பகுதிக்குக் கொடுக்கும்போது உட்காரும் மெத்தை, கால்தாங்கி, கட்டுப்பாட்டுக் கைப்பிடி என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அலன் சாவித் தொகுப்பு, ஒரு டியூப், சிறு காற்றுப் பம்பு, ஐரோப்பிய இரண்டு முள் பிளக்குக்கான மாற்றி, இவை பெட்டியில் இருக்கட்டும். கப்பல் ஏறும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்காதீர்கள். ஒரு நாள் முன்னால் போங்கள். நாற்காலி வந்து சேரத் தாமதமானாலும் பழுதாகி வந்தாலும் சரிசெய்ய அந்த ஒரு நாள் இருக்கும்.

கப்பலிலிருந்து கரைக்கு

துறையில் கட்டிய கப்பலிலிருந்து இறங்குவது கேங்வே என்ற பாலம் வழியாக. மத்தியதரைக் கடலில் பெரும்பாலான இடங்களில் ஓதம் மிகக் குறைவு, கடல்மட்டம் ஏறி இறங்குவது அரை மீட்டரைத் தாண்டுவதே அரிது. வட ஐரோப்பாவில் காலையில் சமமாக இருந்த பாலம் மாலையில் செங்குத்தாக நிற்கலாம். இங்கே அந்தத் தொல்லை இல்லை, காலையில் இறங்கிய சரிவில்தான் மாலையில் ஏறுவீர்கள். சரிவைத் தீர்மானிப்பது அன்று எந்தத் தளத்தின் கதவைத் திறக்கிறார்கள் என்பதுதான். முந்தின இரவே வரவேற்பு மேசையில் கேட்டு வையுங்கள்.

பாலத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் ஓடும். முன்பக்கச் சிறு சக்கரம் அதில் தட்டி நின்றால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்ந்துவிடுவார். சரிவு கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தாலும் நாற்காலியைத் திருப்பிப் பின்புறமாக இறக்குங்கள். தள்ளுபவர் கீழ்ப்பக்கம் நிற்க, பெரிய சக்கரம் முதலில் பட்டைகளைத் தாண்டும். கப்பல் பணியாளர்கள் உதவுவார்கள், ஆனால் எங்கே பிடிக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். கழன்று வரும் கைதாங்கியைப் பிடித்துத் தூக்க வருபவர்களைத் தடுங்கள், அசையாத சட்டத்தைக் காட்டுங்கள். கப்பல் நின்ற முதல் அரை மணி நேரக் கூட்டம் போகட்டும். அதற்குப் பிறகு அவசரம் இல்லாமல் இறங்கலாம்.

டெண்டர் வேறு கதை. கப்பலின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்கு அருகே ஒரு மேடை, அதை ஒட்டிப் படகு. மேடை ஆடாது, படகு ஆடும். இடையில் உள்ள இடைவெளி ஒரு நொடி விரல் அகலம், மறுநொடி ஒரு முழம். கையால் தள்ளும் இலேசான நாற்காலியைக் கடல் அமைதியாக இருந்தால் பணியாளர்கள் ஏற்றிவிடுவதுண்டு. நாற்காலியில் இருப்பவர் சில அடிகளாவது எடுத்து வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் நிறுவனங்களும் உண்டு. கனமான பேட்டரி நாற்காலியைப் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். சில கப்பல்களில் மட்டும் படகுக்கென்றே ஏற்றுக்கருவி இருக்கிறது. உங்கள் கப்பலில் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். முடிவு அன்று காலை கடலைப் பார்த்துக் கேப்டன் எடுப்பது. அதை எதிர்த்து வாதாடிப் பயனில்லை, வாதாடவும் கூடாது.

ஊர் ஊராக

பார்சலோனா புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். 1992இல் ஒலிம்பிக்கோடு பாராலிம்பிக்கும் நடந்த நகரம். நகரப் பேருந்துகள் தாழ்தளமும் சாய்தளமும் கொண்டவை. மெட்ரோவிலும் பெரும்பாலான நிலையங்களில் லிப்ட் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை என்பதால் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறியைப் பார்த்துப் போங்கள். பெரும்பாலான பெரிய கப்பல்கள் நிற்கும் அடோசாட் துறை நீளமானது. அங்கிருந்து கொலம்பஸ் தூண் வரை துறைமுகப் பேருந்து ஓடுகிறது. தூணிலிருந்து ராம்ப்ளா, பழைய நகரம் எல்லாம் ஓரளவு சமதளம். சக்ராடா ஃபமிலியா தேவாலயத்தின் உட்புறம் முழுக்கப் போகலாம், கோபுரங்களுக்கு மட்டும் போக முடியாது. கூவெல் பூங்கா அழகுதான், ஆனால் குன்று. தள்ளுபவரின் முதுகை யோசித்து முடிவெடுங்கள்.

சிவிட்டாவெக்கியாவில் துறைமுகத்துக்குள் இலவசப் பேருந்து லார்கோ தெல்லா பாச்சே என்ற இடம் வரை கொண்டுவிடும். ரயிலில் ரோம் போவதானால் இத்தாலிய ரயில்வேயின் ஸாலா ப்ளூ என்ற உதவிச் சேவையில் முன்பே பதிந்து, ஏற்றுக்கருவி கேட்க வேண்டும். ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்களுக்கு நான் சொல்வது, சாய்தளம் வைத்த வாடகை வேன். ரோமின் தெருக்களில் பாவியிருக்கும் சாம்பியெத்ரீனி என்ற கறுப்புக் கல் கட்டைகள் நாற்காலியை உலுக்கி எடுக்கும். ஒரு நாளில் வத்திக்கான் ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். புனித பேதுரு பேராலயத்துக்குச் சாய்தள வழி இருக்கிறது. அருங்காட்சியகத்தில் லிப்டுகளோடு வழி குறித்திருக்கிறார்கள், பெரும்பாலான ஞாயிறுகளில் அது மூடியிருக்கும்.

நேப்பிள்ஸில் கப்பல் நகரத்தின் வாசலிலேயே நிற்கும். இங்கே பெரிய பரிசு பொம்பெய். எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த நகரத்தின் தெருக்கள் பெரும் பாறைக் கற்களால் ஆனவை. தேர்ச்சக்கரம் பதிந்த பள்ளங்களும், தெருவைக் கடக்கப் போட்ட உயரக் கற்களும் நாற்காலியை நகரவே விடாது. அதை உணர்ந்து, 2016 டிசம்பரில் "எல்லோருக்குமான பொம்பெய்" என்ற பெயரில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் தனிப் பாதையைத் திறந்தார்கள். அதற்கு நுழைய வேண்டிய வாசல் பியாட்சா அன்ஃபிதியாத்ரோ. பிற வாசலில் வண்டியை நிறுத்தினால் பாதி நாள் வீண். ஓட்டுநரிடம் வாசலின் பெயரை எழுதிக் காட்டுங்கள்.

லிவோர்னோ சரக்குத் துறைமுகம், உள்ளே நடக்க அனுமதியில்லை. ஊருக்குள் கொண்டுவிடும் பேருந்தில் சாய்தளம் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். பீசாவின் சாய்ந்த கோபுரம் நிற்கும் மைதானம் சமதளம். கோபுரத்தில் ஏற வழியில்லை, ஏறக்குறைய முந்நூறு படிகள்.

பிரேயஸ், ஏதென்ஸ் நகரின் துறைமுகம். மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் 2022 அக்டோபரில் பிரேயஸ் வரை நீண்டது, நிலையங்களில் லிப்ட் உண்டு. பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸை, "மலை மேல் இருக்கிறது, நமக்கு எப்படி" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2020 டிசம்பரில் பாறையின் ஓரமாகப் புதிய லிப்ட் வந்துவிட்டது, மேலே பார்த்தெனான் கோயில் அருகே போகக் காங்கிரீட் பாதையும் போட்டிருக்கிறார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். காற்று பலமாக வீசினால் லிப்டை நிறுத்திவிடுவார்கள், அப்படியானால் கீழே அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் முழுக்க முழுக்க நாற்காலிக்கு ஏற்றது. என் தங்கை பார்த்தெனானின் தூண்களை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அந்த லிப்டுக்காகப் போராடியவர்களுக்கு நான் கடன்பட்டவன்.

சாண்டோரினி பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். டெண்டர் இறக்கிவிடும் பழைய துறையிலிருந்து மேலே ஃபிரா நகரத்துக்குப் போக மூன்றே வழி: கேபிள் கார், ஏறக்குறைய அறுநூறு படிகள், கழுதை. கேபிள் கார் நிலையத்திலும் படிகள் இருக்கின்றன. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாப் படகுகள் சில அதினியோஸ் துறைக்குப் போகும், அங்கே சாலை உண்டு. அந்த ஏற்பாடு உறுதியானால் மட்டும் முயலுங்கள். இல்லையென்றால் கப்பல் அந்த எரிமலைக் குழிக்குள் நுழையும் விடிகாலையில் மேல்தளத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், காட்சி அங்கிருந்தும் கிடைக்கும்.

வாலெட்டாவில் துறையிலிருந்து கரையோரச் சாலையில் போனால் 2012 டிசம்பரில் திறந்த பராக்கா லிப்ட். உயரம் 58 மீட்டர். கதவு திறந்தால் மேல் பராக்கா தோட்டம், கீழே துறைமுகம் முழுவதும் விரிந்திருக்கும். ரிபப்ளிக் தெரு ஓரளவு சமம். அதிலிருந்து இறங்கும் குறுக்குத் தெருக்கள் செங்குத்து, பலவற்றில் படிகள். குறுக்குத் தெருவில் நுழையும் முன் எட்டிப் பாருங்கள்.

வெனிஸுக்குள் வந்துவிட்டால் வப்பரெத்தோ என்ற நகரப் படகுதான் துணை. கிராண்ட் கால்வாயில் ஓடும் முதலாம் எண் படகில் நாற்காலி அப்படியே உருண்டு ஏறும். நகரத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள். எனவே பாலத்தைக் கடக்க நினைக்காமல், ஒரு படகுத்துறையில் இறங்கி அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு மறுபடி படகேறுங்கள். நகராட்சி வெளியிடும் அணுகல் வரைபடம் எந்தப் பகுதி எந்தப் படகுத்துறையோடு பாலமில்லாமல் இணைகிறது என்று காட்டும்.

குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் கப்பல் குரூஷ் துறையில் கட்டினால் பழைய நகரம் மூன்று கிலோமீட்டர். ஸ்த்ராதூன் என்ற நடுத்தெரு வழவழப்பான சுண்ணாம்புக் கல், சுகமாக உருளும். மதில் மேல் நடை நமக்கில்லை. ஸ்பெயினின் கார்த்தஹேனா பலருக்குத் தெரியாத நல்ல ஊர். கப்பலிலிருந்து ஊர் கூப்பிடு தூரம், தரை சமம், ரோமானிய அரங்கின் அருங்காட்சியகத்தில் லிப்ட். மாலகாவும் அப்படியே சமதளம்.

தெருவில்

கல் பாவிய தெருவில் முன்சக்கரம்தான் எதிரி. தள்ளுபவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரங்களில் மட்டும் உருட்டினால் குலுக்கல் பாதியாகும். கால்தாங்கியில் மாட்டி முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும் ஒற்றைப் பெரிய சக்கரம் விற்கிறார்கள். விலை அதிகம், ஆனால் ரோமுக்கும் டுப்ரோவ்னிக்குக்கும் போகிறவர் வாங்கலாம். இடுப்புப் பட்டையைக் கட்டாமல் கல் தெருவில் இறங்காதீர்கள்.

நாற்காலி ஏறும் டாக்ஸி துறைமுக வாசலில் காத்திருக்காது. முன்பே பதிவு செய்ய வேண்டும், திரும்பும் பயணத்தையும் சேர்த்தே. கழிப்பறைக்கு அருங்காட்சியகங்களை நம்புங்கள், சிறு உணவகங்களில் அது பெரும்பாலும் மாடியிலோ கீழ்த்தளத்திலோ இருக்கும்.

நம் குடும்பங்களிடம் ஒன்றை வேண்டிக் கேட்கிறேன். "நீ கப்பலிலேயே இரும்மா, நாங்க பாத்துட்டு வந்துர்றோம்" என்று அன்போடுதான் சொல்கிறோம். சொல்வதற்கு முன் அவரிடம் கேளுங்கள். எந்த ஊரில் இறங்குவது, எதை விடுவது, எவ்வளவு குலுக்கலைத் தாங்குவது என்பதெல்லாம் நாற்காலியில் இருப்பவர் முடிவு செய்ய வேண்டியவை. ஊர்ப் பட்டியலை முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கப்பலுக்குத் திரும்பும் கடைசி நேரம் புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பாக இருக்கும். நீங்கள் அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்னால் துறையில் இருக்கும்படி திட்டமிடுங்கள். பழுதான லிப்டும் வராத வண்டியும் அந்த நேரத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு நாளும் கேபினுக்கு வரும் தாளில் அந்த ஊரின் துறைமுக முகவர் தொலைபேசி எண் அச்சாகியிருக்கும். இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தள்ளுபவர் போனிலும் நாற்காலியில் இருப்பவர் போனிலும்.